வருகின்றனவா, போகின்றனவா

பிப்ரவரி 2, வெள்ளி

கூட்டுறவு வங்கியில் வருடா வருடம் ஒரு டைரி தருவார்கள். வருடா வருடம் நான் அதில் அடுப்படிச் சாமான் பட்டியல் எழுதுவேன். இந்த வருடம் எழுத வேறு விஷயம் வந்திருக்கிறது. ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் எண்களைத்தான் எழுத முடியும். எரிச்சலுக்கு அலகு கிடையாது.

ஜப்பானிலிருந்து ஒரு மின்னஞ்சல். ஹருமி என்று பெயர், பெண் என்றுதான் நினைக்கிறேன். ‘உங்கள் 2002ஆம் ஆண்டுக் கட்டுரையின் நான்காவது படத்தை எங்களால் மறுபடி வரவைக்க முடியவில்லை. உங்கள் கணினி நிரலை அனுப்ப இயலுமா?’ ஐந்து வரிக்குள் மூன்று முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். இவ்வளவு பணிவாக யாராவது எழுதினால் நான் இரண்டு முறை படிப்பேன்.

அந்த நான்காவது படம்தான் நான். யாரும் படிக்கப் போவதில்லை என்றாலும் எழுதிவைக்கிறேன். சூரியனிலிருந்து ஒரு காற்று ஓயாமல் வீசுகிறது. அது பூமியின் காந்தப்புலத்தை இரவுப் பக்கமாக இழுத்து, நிலாவையும் தாண்டி ஒரு நீண்ட வாலாக்கிவிடுகிறது. அந்த வாலுக்குள் பிளாஸ்மா இருக்கிறது. மின்னூட்டம் கொண்ட துகள்கள், மிக மெல்லியதாக. அதில் எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு ஓடுகின்றன. சூரியன் சீறும் நாட்களில் அவை பூமியை நோக்கி வருகின்றன. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. சூரியன் அமைதியாக இருக்கும் நாட்களில்? அப்போது ஒரு மெல்லிய ஓட்டம் பூமியை விட்டு வெளியே போகிறது என்று நான் சொன்னேன். வருகின்றனவா, போகின்றனவா. விஷயம் இவ்வளவுதான். நாகர்கோவில் பஸ்ஸா, திருநெல்வேலி பஸ்ஸா என்று போர்டைப் பார்த்துச் சொல்வது மாதிரி. அதைச் சொன்னதற்குத்தான் இந்த வேலை, தனி அறை, நான்கு வெளிநாட்டுப் பயணம் எல்லாம்.

இருபத்திரண்டு வருடத்தில் நாற்பத்து மூன்று பேர் என் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். ஒருவருக்கும் வராத சந்தேகம் இவளுக்கு வந்திருக்கிறது.

மாலையில் என் கணவர் தாணு பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், “என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்றார். வெயில் என்றேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

மரச்சீனிக் கிழங்கு அவித்தேன். தேங்காய்த் துவையல். தாணு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

ஹருமி அவளுடைய படத்தையும் அனுப்பியிருந்தாள். புதிய செயற்கைக்கோள், புதிய கருவி, என் கருவியைவிட நூறு மடங்கு நுட்பம். அதே வால், அதே மாதிரி அமைதியான நாள். அவளுடைய எலக்ட்ரான்கள் வருகின்றன. சந்தேகத்துக்கு இடமில்லாமல், வரிசையாக, பூமியைப் பார்த்து வருகின்றன.

எதனால் இருக்கும்? ஒன்று, சூரியனின் பதினொரு வருடச் சுழற்சியில் அவள் பார்த்தது வேறு கட்டம். அல்லது அவளுடைய செயற்கைக்கோள் வாலின் வேறு ஓரத்தில் இருந்திருக்கலாம். அல்லது பருவம். அல்லது கருவியில் சூரிய ஒளி பட்டுப் பொய் எலக்ட்ரான்கள் எழுந்திருக்கலாம். ஒவ்வொன்றும் எழுதும்போது நன்றாகத்தான் இருக்கிறது. எழுதி முடித்ததும் உதிர்கிறது. மண்டை காய்கிறது.

தாணுவிடம் சொல்லவில்லை. சொல்ல இன்னும் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

குழப்பம் தீர வேண்டுமானால் முதலிலிருந்து எழுத வேண்டும்.

தாணுவும் நானும் ஆரல்வாய்மொழி ஆய்வுக்கூடத்தில் ஒரே வழிகாட்டியிடம் ஆய்வு மாணவர்கள். தாணு எனக்கு மூத்தவர். எங்கள் மேசைகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்தன. அப்போது கணவாயில் காற்றாலைகள் இத்தனை இல்லை. எங்கள் கருவிகள் நடுங்காமல் வேலை செய்தன. தாணு அவருடைய ஆய்வேட்டில் அமைதியான நாட்களிலும் எலக்ட்ரான்கள் பூமியை நோக்கி வருகின்றன என்று எழுதினார். அது முடிவதற்குள் என் கட்டுரை வெளியாகிவிட்டது. போகின்றன என்று.

வெளித்தேர்வாளர் அவருடைய ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பினார். ‘வெளியான முடிவுக்கு முரணாக உள்ளது. பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தித் தருக.’ தாணு மூன்று மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தன் பிழையைத் தேடினார். கிடைக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை ஆய்வை விட்டுவிட்டு நாகர்கோவிலில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்துவிட்டார். எங்கள் கல்யாணத்துக்கு அப்போது தேதி குறித்தாயிற்று. வரவேற்பில் எல்லோரிடமும், “என்னத் தோக்கடிச்சவளையே கெட்டிக்கிட்டேன், கேட்டியளா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

ஆக, ஹருமி சரி என்றால் தாணு சரி. தாணு சரி என்றால் அந்த மூன்று மாதம் அவர் தேடியது இல்லாத ஒன்றை.

இதற்குமேல் எழுதப் போவதில்லை. சோறு குழைந்துவிடும்.

பிப்ரவரி 7, புதன்

மோட்டார் ஓடவில்லை. ஆள் வந்து, பார்த்து, நாளை வருவதாகச் சொல்லிப் போனார்.

பிப்ரவரி 9, வெள்ளி

பழைய நிரல் வேண்டும் என்று கணினி அறையில் ஜெபக்கனி அக்காவிடம் கேட்டேன். எங்கள் இருவரையும் மாணவர்களாகப் பார்த்தவர், அடுத்த வருடம் ஓய்வு. பீரோவைக் குடைந்து தூசியோடு ஒரு சிடியை எடுத்தார்.

“இந்தா. இதுல ஒனக்க சாமானும் கெடக்கு, ஒனக்க மாப்பிள்ளைக்க சாமானும் கெடக்கு. அப்பமே ரெண்டு பேரையும் ஒரே பெட்டில அடச்சு வச்சுட்டேன்” என்றார்.

“அவருக்குள்ளது வேண்டாம் அக்கா.”

“வேண்டாம்னா தொறக்காத. அது என்ன கடிக்கவா செய்யும்?”

இப்போதைய கணினிகளில் சிடி போட இடம் கிடையாது. அதற்கு ஒரு தனிப்பெட்டி தேடி மதியம் போயிற்று.

பிப்ரவரி 12, திங்கள்

பழைய நிரலை உயிர்ப்பித்தேன். பழைய தரவைக் கொடுத்தேன். நான்காவது படம் புள்ளிக்குப் புள்ளி வந்துவிட்டது! எலக்ட்ரான்கள் போகின்றன. அப்பாடா. வழியில் பழம்பொரி வாங்கி வந்தேன். தாணுவுக்கு இரண்டு, எனக்கு மூன்று.

அதே மாவு, அதே அச்சு, அதே முறுக்கு, இதில் என்னத்தை நிரூபித்தாய் என்று உள்ளே ஏதோ முனகியது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

தாணுவின் கோப்புகளைத் திறந்தேன். சும்மாதான்.

ஒரே செயற்கைக்கோளின் தரவைத்தான் இருவரும் எடுத்திருக்கிறோம். அவர் எடுத்தது முதல் பதிப்பு. எனக்குக் கிடைத்தது அடுத்த வருடம் வந்த இரண்டாம் பதிப்பு. இரண்டாம் பதிப்போடு ஒரு குறிப்புக் கோப்பு இருக்கிறது. மொத்தம் ஆறு வரி. நான்காவது வரியைப் படித்தேன்.

கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மணி மூன்று. தலைவலி. வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 14, புதன்

தலைவலி. விடுப்பு.

பிப்ரவரி 18, ஞாயிறு

குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தேன். பழைய துணிகளைப் பிரித்துக் கட்டினேன். முருங்கையில் கம்பளிப்பூச்சி. ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்குப் போன் செய்து முக்கால் மணி நேரம் பேசினேன். “அம்மா, உனக்கு இன்னைக்கு வேலையே இல்லையா?” என்று கேட்டாள்.

சாயா குடிக்கும்போது தாணுவிடம் கேட்டேன். “ஒரு தப்பு ரொம்ப வருஷம் கழிச்சுத் தெரிஞ்சா என்ன செய்யணும்?”

அவர் செய்முறைத் தேர்வு மதிப்பெண் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “ஆருக்கு மார்க்கு கொறஞ்சு போச்சோ அவன்ட்ட மொதல்ல போய்ச் சொல்லணும். ஏன், ஆரு தப்புப் பண்ணுனா?”

“டிவில ஒரு சீரியல்ல.”

“நீ எப்பம் சீரியல் பாக்கத் தொடங்குன?” என்று சிரித்தார்.

அவருக்குச் சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 21, புதன்

தாணு மாலையில் ஒரு பெரிய கட்டோடு வந்தார். சனிக்கிழமை அவர்கள் பள்ளி ஆண்டு விழா. அழைப்பிதழ் இருநூறு. வரவேற்புரை அவர். அச்சகத்துக்காரர் என்ன நினைத்தாரோ, ‘முனைவர் ப. தாணுமாலயன்’ என்று அடித்துவிட்டார். இயற்பியல் என்றால் முனைவர் இல்லாமலா என்று நினைத்திருப்பார்.

“ஹெச்எம் அப்பிடியே இருக்கட்டும்னு சொல்லுதாரு. எப்பிடி இருக்கும்? இல்லாதத நான் எப்பிடி வச்சுக்கிட முடியும்?” என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து இரண்டு ஒயிட்னர் பாட்டில் எடுத்தார். ஒன்று எனக்கு.

கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அவர் ஒரு அட்டையை எடுத்து, ‘முனைவர்’ மேல் மூன்று தீற்றல், ஊதிக் காயவைத்து, அடுத்தது. புள்ளி பிசகாமல் செய்வார். நான் அவசரப்பட்டேன். இரண்டு அட்டையில் அவருடைய பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து மூடிவிட்டேன்.

“மெதுவா செய் கலா. பேரையாவது விட்டு வை” என்றார்.

நூற்று இருபது அவர் செய்தார். எண்பது நான் செய்தேன். நடுவில் ஒருமுறை வாயைத் திறந்தேன். அவர், “என்ன?” என்றார். ஃபேனைக் குறைக்கட்டுமா, அட்டை பறக்கிறது என்றேன்.

இருநூறும் முடித்ததும், “நல்லா இருக்கு, வித்தியாசமே தெரியல்ல” என்றார்.

பிப்ரவரி 22, வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதினால் ஒரு ஒழுங்குக்கு வரும்.

செயற்கைக்கோளில் இருக்கும் கருவி ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தத் திசையிலிருந்து வரும் எலக்ட்ரானைப் பிடிக்கும். கிழக்கே பார்க்கும் கருவியில் விழுவது மேற்கே போகிற எலக்ட்ரான். ஆகவே கருவி பார்த்த திசையைத் திருப்பிப் போட்டால்தான் துகள் போன திசை கிடைக்கும். இதை மறப்பது இந்தத் தொழிலில் முதல் வருடத்து மாணவன் செய்யும் தவறு. நான் மறக்கவில்லை. திருப்பினேன்.

முதல் பதிப்பில் கருவி பார்த்த திசை இருந்தது. தாணு ஒருமுறை திருப்பினார். சரி. இரண்டாம் பதிப்பில், மாணவர்கள் மறந்துபோய்த் தவறு செய்கிறார்கள் என்று, தரவுக் குழுவே திருப்பிக் கொடுத்துவிட்டது. நான்காவது வரி அதைத்தான் சொல்கிறது. நான் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை. திருப்பி வைத்ததை நானும் ஒருமுறை திருப்பினேன். வந்தவையெல்லாம் போகத் தொடங்கிவிட்டன.

கவனக்குறைவாக இருந்திருந்தால் சரியாக வந்திருக்கும். கவனமாக இருந்ததால் தவறு செய்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இன்னொன்றும் எழுத வேண்டும். ஆய்வேடு திரும்பி வந்த வாரம், தாணு மேசையில் திரும்பி உட்கார்ந்து என்னைக் கேட்டார். “கலா, நீ திசையத் திருப்பினியா?” நான் நிரலைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். “இந்தா பாருங்க, திருப்பியிருக்கேன்.” அவர் பார்த்தார். திசையைத் திருப்பும் கழித்தல் குறி இருந்தது. “செரிதான்” என்று தன் பக்கம் திரும்பி, தன் பிழையைத் தேடத் தொடங்கினார்.

பதின்மூன்றாம் தேதியிலிருந்தே எனக்குத் தெரியும். தலைவலி ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 29, வியாழன்

ஹருமியின் இரண்டாவது கடிதம். மார்ச் 15 அன்று தன் கட்டுரையை அனுப்பப் போகிறாளாம். ‘ஒருவேளை தரவுப் பதிப்புகளில் உள்ள வேறுபாடு காரணமாக இருக்குமோ? தொந்தரவுக்கு மன்னிக்கவும்.’

கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்துவிட்டு, நானே சொல்லட்டும் என்று வழிவிட்டு ஓரமாக நிற்கிறாள். நிரலைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று பதில் போட்டேன். நிரல் என் மேசையில்தான் இருக்கிறது.

ஹருமியிடம் ஒப்புக்கொள்வதில் எனக்குப் பெரிய பயம் இல்லை. நான்காவது படம் போனால் போகட்டும், வேலையை யாரும் பிடுங்கப் போவதில்லை, நாலு பேர் சிரிப்பார்கள். பயமெல்லாம் வீட்டில் இருக்கிறது. இந்த மனிதர் இருபது வருடமாக, தான் தோற்றவர் என்று நம்பி, அதைச் சிரித்துக்கொண்டே சொல்லி, என் சட்டினிக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டு வாழ்கிறார். அவரிடம் என்னவென்று ஆரம்பிப்பது? இருபது வருடத்தை அப்படியே திருப்பிப் படியுங்கள் என்றா?

மார்ச் 5, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை. தேர்வுப் பணி முடிந்து களைத்து வந்தார். பாவம், நாளை சொல்லலாம்.

மார்ச் 6, புதன்

நாளை.

மார்ச் 9, சனி

சொல்லிவிட்டேன்.

காலையில் அவர் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஹருமியின் படத்தையும், என் பழைய நிரலின் அந்த ஒரு வரியையும், ஆறு வரிக் குறிப்பையும் அச்சடித்து எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். படத்தைப் பார்த்தார். வரியைப் பார்த்தார். குறிப்பைப் படித்தார். நான்காவது வரியில் விரலை வைத்து நிறுத்தினார். விளக்க நான் வைத்திருந்த பேச்சு ஒன்றும் தேவைப்படவில்லை.

“ரெண்டு தடவ திருப்பியிருக்க” என்றார்.

“ஆமா.”

“அப்பம் வருது.”

“வருது.”

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரவும் தோன்றவில்லை, போகவும் தோன்றவில்லை.

“நான் கேட்டேன்லா, திருப்பினியான்னு.”

“கேட்டீங்க.”

“நீ காட்டுன. நானும் பாத்தேன். பாத்துட்டுப் போய்ட்டேன்.” அவர் குரலில் கோபம் இல்லை. கணக்கைச் சரிபார்க்கிற குரல். பிறகு கேட்டார். “எப்பம் தெரிஞ்சுது?”

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. இருபத்தைந்து நாள் யோசித்ததில் இது மட்டும் தோன்றவில்லை.

“நேத்து” என்றேன்.

மார்ச் 10, ஞாயிறு

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சந்தோஷமாக இருக்கிறார்.

காலையில் பரணில் ஏறிப் பெட்டியை இறக்கி, ஆய்வேட்டை எடுத்துத் துடைத்து, தோசை சாப்பிடும்போது மேசையில் வைத்துக்கொண்டு படித்தார். “மூணாவது அத்தியாயத்தப் பாரு கலா, அப்பமே இந்த வளைவு வரை சொல்லியிருக்கேன். எழுத்து கொஞ்சம் வளவளன்னு இருக்கு” என்றார். விசில் அடித்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் விசிலடித்து நான் கேட்டதில்லை.

திட்டுவார் என்று இருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அழுதால் நானும் சேர்ந்து அழலாம். விசிலுக்கு என்ன செய்வது?

மதியம் நானே கேட்டுவிட்டேன். “எம்மேல கோவம் இல்லையா?”

யோசித்துவிட்டுச் சொன்னார். “நேத்து பகல்ல இருந்துது. ராத்திரி படுத்துக்கிட்டு நெனச்சேன். தப்பு ஆருக்கும் வரும். நீ வேணும்னு செஞ்சியா? ஆனா ஒண்ணு. தெரிஞ்ச மறுநாளே வந்து சொன்னேல்லா. ஒனக்க பேரு போவும்னு தெரிஞ்சும் ஒரு நாள் கூட வச்சிருக்கல்ல. அதாக்கும் எனக்குப் பெருசு.”

நான் அடுப்படிக்குப் போய் ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களைக் கழுவினேன்.

மார்ச் 12, செவ்வாய்

அவர் அதையே நேற்று மகளிடமும் போனில் சொன்னாராம். “உங்க அம்மா மாதிரி ஒரு ஆளப் பாக்க முடியாது.” மகள் எனக்குப் போன் செய்து அழுதாள். பெருமையாக இருக்கிறதாம்.

சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் நட்டமில்லை. அவருக்கு அவருடைய எலக்ட்ரான்கள் திரும்பி வந்துவிட்டன. நிம்மதியாகத் தூங்குகிறார். இருபத்தைந்து நாள் என்பது என்ன? இருபது வருடத்தோடு வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. இதைப் பத்து முறை சொல்லிப் பார்த்தேன். பத்து முறையும் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் அவர் என்னைப் பார்க்கிற பார்வை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாறியிருக்கிறது. இருபது வருடம் நான் அந்தப் பார்வைக்கு ஏங்கியிருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. அது வேறு யாருக்கோ வந்த கடிதத்தை நான் பிரித்துப் படிப்பது போல இருக்கிறது.

மார்ச் 14, வியாழன்

நேற்றே இதழுக்கு அனுப்ப வேண்டிய திருத்த அறிவிப்பை எழுதி முடித்தேன். ஒரு பக்கம். என்ன தவறு, எந்த வரியில், எந்தப் படங்கள் செல்லாது, சரியான முடிவு என்ன. பிழை கண்டறியப்பட்டது எப்போது என்று ஒரு வரி எழுதுவது எங்கள் ஆய்வுக்கூட வழக்கம். நாங்கள் எல்லாத் திருத்தங்களிலும் அதை எழுதுவோம். இதழ் கேட்பதில்லை. நான் விட்டுவிட்டால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள்.

‘பிப்ரவரி 13 அன்று’ என்று அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன்.

கடைசியில் நன்றி: ‘இதே முடிவைத் தம் 2003ஆம் ஆண்டு ஆய்வேட்டில் முதலில் சரியாகக் கண்டவர் என் கணவர் ப. தாணுமாலயன்.’

என் கட்டுரைகளின் ஆங்கிலத்தை எப்போதும் தாணுதான் திருத்துவார். அச்சடித்து அவரிடம் கொடுத்தேன். வாயால் சொல்லத் துணிவு இல்லாமல் தாளில் கொடுத்தேன். இதை ஒப்புக்கொள்கிறேன்.

சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எதிரே நின்றேன். முதல் பத்தியில் ஒரு காற்புள்ளி போட்டார். இரண்டாவது பத்தியில் பேனா நின்றது. தெருவில் மீன்காரர் ஹார்ன் அடித்துப் போனார்.

“இது எந்தப் பதிமூணு?” என்றார்.

“பெப்ரவரி.”

“போன மாசம்.”

“ஆமா.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டு கேட்டார். “கார்டுக்கு ஒயிட்னர் போட்டோமே, அது எண்ணைக்கு?”

“இருபத்தொண்ணு.”

தலையை மட்டும் ஆட்டினார். பிறகு விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். கடைசி வரி வரை படித்தார். இன்னொரு காற்புள்ளி. கடைசி வாக்கியத்தில் ‘என் கணவர்’ என்ற சொற்களை மட்டும் ஒரே கோட்டில் அடித்துவிட்டு, தாளை என்னிடம் நீட்டினார்.

“பேப்பர்ல அதெல்லாம் எழுதமாட்டாவ” என்றார்.

அது உண்மைதான். எழுதமாட்டார்கள். அதனால்தான் அடித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் கீரைக்கட்டு இருந்தது. எப்போதும் போலச் சாப்பிட்டோம். உப்புக் குறைவு என்றுகூடச் சொன்னார்.

மார்ச் 15, வெள்ளி

ஆய்வுக்கூடத்தில் ஜெபக்கனி அக்காவிடம் சிடியைத் திருப்பிக் கொடுத்தேன். “கிடைச்சுதா நீ தேடுனது?” என்றார். கிடைத்தது என்றேன்.

மாலை வீட்டுக்கு வந்து திருத்தங்களைப் போட்டேன். இரண்டு காற்புள்ளி. அடித்த சொற்களையும் எடுத்தேன். தேதி அப்படியே இருக்கிறது. இதழுக்கு ஒன்று, ஹருமிக்கு ஒன்று. ஹருமிக்கு மட்டும் தனியாக ஒரு வரி எழுதினேன்: மன்னிப்புக் கேட்க வேண்டியவர் நீங்கள் அல்ல.

அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். அழுகை வரவில்லை. வரும் என்று நினைத்திருந்தேன்.

தாணு கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அங்கிருந்தே கேட்டார்.

“அனுப்பியாச்சா?”

“அனுப்பியாச்சு.”

“எப்பம்?”

“இப்பம்தான்.”

பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து வந்தார். என் தோளுக்குப் பின்னால் நின்று, குனிந்து, திரையில் அனுப்பிய நேரத்தைப் பார்த்தார். ஆறு பதினேழு. சுவரில் இருந்த கடிகாரத்தையும் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டு விடைத்தாளுக்குத் திரும்பிப் போனார்.